நான் வாசிக்காமல் விட்ட இரண்டு வரிகள்

ஒரே ஒரு நோட்டீசை அரைகுறையாக வாசித்து, எங்கள் பஞ்சாயத்துத் தேர்தலையே கெடுத்தவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன்!

எங்கள் ஊர் ஆந்திராவில், நாகலாபுரத்தை ஒட்டியது. வீட்டில் தமிழ், ஆபீசில், அச்சகத்தில் எல்லாம் தெலுங்கு. எங்கள் தெருவில் தெலுங்கு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். வாசித்துத் தமிழில் சொல்வேன். நான் சொன்னதுதான் காகிதத்தில் இருப்பது. அந்தக் கர்வம் இருக்கிறதே... பொல்லாதது!

அந்த முறை சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர் பதவி, பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கோவிந்தம்மாள் அக்கா நின்றாள். அரைக் காணி நெல்லைத் தனியாளாய்ப் பார்த்துக்கொள்பவள். எதிரே நின்றவள் மணல் காண்டிராக்டரின் மனைவி. மெட்ராசில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஆற்று மணல் லாரி லாரியாகப் போயிற்று. தெருவில் பாதிப் பேருக்கு மணல் வாருவதுதான் பிழைப்பு.

அக்காவின் நோட்டீஸ் புத்தூரில் தெலுங்கில் அச்சானது. மழை முன்போல் இல்லை, மாதக்கணக்கில் காய்ந்துவிட்டு ஒரே நாளில் கொட்டிவிடுகிறது, அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது மணல்தான், ஆகவே மணல் லாரியை நிறுத்துவேன் என்று இருந்தது. அதன் கீழே இன்னும் இரண்டு வரி. மணல் வாருகிறவர்களுக்கு ஏரி தூர்வாரும் வேலை தருவேன்; அது தொடங்கிய பிறகே லாரியை நிறுத்துவேன்.

பருவநிலை மாற்றம் என்ற சொல்லை நான் டிவியில் கேட்டது எத்தனையோ வருடம் கழித்து. அவள் தன் வயலைப் பார்த்தே சொல்லிவிட்டாள்!

பிள்ளையார் கோயில் முன் தெருவே கூடியது. நோட்டீசை என்னிடம் கொடுத்துவிட்டு அக்கா அடுத்த தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போயிருந்தாள். வாசித்தேன். லாரியை நிறுத்துவேன் என்ற இடத்தில் நிறுத்தி, காகிதத்தை மடித்தேன்.

"அவ்ளோதான்" என்றேன்.

ஏன்? முந்தின வாரம் காண்டிராக்டர் என் தோளில் கை போட்டு, "எலெக்ஷன் முடியட்டும், லாரி சாவி உன் கையில" என்றிருந்தார். லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். அவ்வளவுதான் என் விலை!

மணல் வாரும் முனுசாமி எழுந்தான். "அப்போ நாங்க இன்னாத்த துன்றது? புள்ளைங்கள இட்டுக்கினு மெட்ராசுக்கு ஓடறதா?"

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். "ஏரி வேல தர்றேன்னு அதுலயே போட்டுகீதே!"

"அச்சுல இல்லாதத வாயால சொல்லிக்கினு கீறா" என்றான் முனுசாமி.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி."

"இருக்கறதத்தான்க்கா படிச்சேன்."

அவளுக்கு எழுத்து தெரியாது. என்மேல் துளியும் சந்தேகம் வரவில்லை. அச்சகத்துக்காரன் அந்த வரிகளை விட்டுவிட்டான் போலிருக்கிறது, அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

தோற்றாள். எனக்கு லாரி கிடைத்தது. எங்கள் ஊர் ஆற்றை நானே மெட்ராசுக்கு ஓட்டிப் போனேன்!

சில வருடங்களில் ஆறு வெறும் பள்ளம். மழை வந்தால் ஒரு நாள்கூடத் தங்காமல் ஓடியது. கிணறுகள் வற்றின, அக்காவின் நெல் கருகியது. வார மணல் இல்லாமல் முனுசாமி பிள்ளைகளோடு மெட்ராசுக்கே போனான்.

எத்தனை முறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருப்பேன்... நான் இல்லாவிட்டால் வேறொருவன் ஓட்டியிருப்பான் என்று. ஆனால் வேறொருவன் வாசித்திருக்க முடியாதே!

போன வருடம் பிள்ளைக்கு மொட்டை போடத் திருப்பதி போனேன். தங்கிய சத்திரத்தில் தரை பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோவிந்தம்மாள் அக்கா! வீட்டையும் ஊரையும் விசாரித்தாள். பிறகு கூச்சத்தோடு கேட்டாள்.

"அந்த எலெக்ஷன்ல நீயாச்சும் எனக்குப் போட்டியா தம்பி?"

"போட்டேன்க்கா."

அது பொய்யில்லை. தடுப்புக்குள் தனியாக நின்றபோது என் கை அவள் சின்னத்தில்தான் குத்தியது. எது சரியென்று எனக்கு அன்றைக்கே தெரியும்... முழுக்கத் தெரியும்!

துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ ஒருத்தனாச்சும் இருந்தியே" என்று அழுதாள்.

அந்த இரண்டு வரிகளை நான் அப்போதும் அவளுக்குச் சொல்லவில்லை.