கால்வாயைத் தாண்டிப் போன கத்பான்

என் தேநீர்க்கடைக்கும் கத்பானின் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் அவன் ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தான். கை மட்டும் இந்தப் பக்கம் நீளும், நான் டீயை வைப்பேன். இராக்கின் அமாரா நகருக்குத் தெற்கே எங்கள் ஊர்ச் சந்தையில் துப்பாக்கி பழுது பார்க்க அவனை விட்டால் ஆள் கிடையாது. ஈரானோடு சண்டை நடந்த காலம் முழுக்க ராணுவ ஆயுதக் கிடங்கில் இருந்தவன். "சண்டையில நான் ஒரு குண்டுகூடச் சுடல. சுட்டவங்க கொண்டாந்ததைத் துடைச்சேன், அவ்வளவுதான்" என்பான்.

அவனுடைய சொந்தக் குலத்தார் எங்கள் பக்கம் நாலைந்து வீடுதான். அதனால் அல்பு ஜுமைர் குலத்தாரின் நிழலில், அவர்கள் காவலில் இருந்தான். மனைவி தஸ்வாஹின் அந்தக் குலத்துப் பெண். ஒரே மகள் நுவைரை மட்டும் கால்வாய்க்கு அந்தப் பக்கம், அல்பு தாஹூர் குலத்தில் கொடுத்திருந்தான். கொடுத்தபோது இரண்டு பக்கமும் விதைநெல்லை மாறி மாறிக் கடன் வாங்கிக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள்.

அந்தக் கோடையில் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. தாஹூர்க்காரர்கள் கால்வாயின் மேல்பகுதியில் இன்னொரு பம்பு வைத்தார்கள். ஜுமைர்க்காரர்கள் போய்க் குழாயை வெட்டினார்கள். தாஹூர்க்காரர்கள் சுட்டார்கள். மிஷ்ஆன் என்பவனின் தம்பிக்கு முழங்காலில் குண்டு பாய்ந்தது. அதற்குப் பிறகு எருமைகளைக் கால்வாயில் இறக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை.

மிஷ்ஆன் தஸ்வாஹினுக்கு அண்ணன் மகன். ஜுமைர் குலத்தில் குறி தவறாதவன். ஒரு நாள் காலை பிக்கப் வண்டியோடு வந்து கத்பானைக் கூட்டிக்கொண்டு போனான். "நாலு துப்பாக்கி பார்க்கணும் மாமா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள திரும்பிடலாம்" என்றான். கத்பானும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினான். போகாமல் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

குலத்தின் பெரிய நாணல் கூடத்தில் வைத்துப் பார்த்தான். மற்றத் துப்பாக்கிகளில் வெறும் தூசிதான். மிஷ்ஆனின் சிமினோவில்தான் சிக்கல். விசையை இழுக்க இழுக்க ஒவ்வொன்றாகச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ள வேண்டிய துப்பாக்கி அது.

"ஒண்ணு போகுது மாமா. காலித் தோட்டா வெளிய வராம உள்ளயே நிக்குது. கம்பியை விட்டுக் குத்தினாத்தான் விழுது. அதுக்குள்ள எதிராளி டீ குடிச்சு, கைகழுவி, நிதானமா வந்து என்னைச் சுட்டுட்டுப் போயிருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். கத்பான் தோட்டா உட்காரும் அறையைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தான். கரியும் துருவுமாக வந்தது. எருமைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள். இரண்டு நன்றாகப் போயின, மூன்றாவது நின்றுவிட்டது.

மிஷ்ஆனின் முகம் மாறியது. "மாமா, உங்க பொண்ணு வீடு எங்க மொட்டைமாடிக்கு நேர் எதிர்ல இருக்கு. அதை மனசுல வச்சுக்கிட்டு வேலை செய்யறீங்களா?"

கத்பான் போல்ட்டைக் கழற்றி, ஒரு காலித் தோட்டாவின் விளிம்பைக் கொக்கியில் மாட்டி ஆட்டிக் காட்டினான். வழுக்கி விழுந்தது. சுட்ட தோட்டாவைப் பிடித்து இழுக்க வேண்டிய அந்தக் கொக்கியின் நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது.

"இது தேஞ்சு போச்சு. வேற போடணும். பட்டறையில இருக்கு. நான் போய் எடுத்துட்டு வரேன்."

"நீங்க இருங்க. வேற யாராவது போகட்டும்."

அப்போதுதான் தன்னைக் கூட்டி வரவில்லை, பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு உறைத்தது. இதைப் பிறகு அவனே என்னிடம் சொன்னான்.

வண்டி என் கடைக்கு வந்தது. கொக்கிகள் கிடக்கும் தகர டப்பா எது என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் கூடத்துக்குள் நுழைந்தபோது கத்பான் பாயில் உட்கார்ந்திருந்தான். சோறும் மீனும் அவன் முன்னால் தொடப்படாமல் இருந்தன. என்னைப் பார்த்ததும், "உன்னையும் இழுத்துட்டு வந்துட்டாங்களா, கலஃப்? கடையை யார் பாக்குறா?" என்று கேட்டான்.

"ஈ பாக்குது" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

டப்பாவில் புதுக் கொக்கியும் பழைய கொக்கியும் கலந்து கிடந்தன. கத்பான் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, கீழே வைத்தான். மிஷ்ஆன் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தான். பாதி தேய்ந்த ஒன்றைப் போட்டால் அவனால் கண்டுபிடிக்க முடியாது. நாலு தரம் நன்றாக வேலை செய்யும், பிறகு நின்றுவிடும். எனக்கே அது புரிந்தது என்றால் கத்பானுக்குப் புரிந்திருக்காதா? அவன் கை டப்பாவின் மேல் நெடுநேரம் நின்றது. கடைசியில் புதியதை எடுத்துப் பொருத்தினான். ஸ்பிரிங்கையும் மாற்றினான்.

ஏன் என்று பின்னால் கேட்டேன். "பழசைப் போட்டா, சண்டை நடுவுல துப்பாக்கி நின்னுரும். நின்ன நேரத்துல அவனைச் சுட்டுருவாங்க. அவன் என் பெண்டாட்டியோட ரத்தம். புதுசைப் போட்டா என் மக வீடு. நீயா இருந்தா எதைப் போட்டிருப்ப?" என்றான்.

மறுபடி கொட்டகைக்குப் பின்னால் சுட்டார்கள். காலித் தோட்டாக்கள் பொரி மாதிரித் தெறித்து விழுந்தன. மிஷ்ஆன் கத்பானின் நெற்றியில் முத்தமிட்டான். கத்பான் கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

"வண்டியில கொண்டுபோய் விடறேன் மாமா."

"வேண்டாம். நான் அந்தப் பக்கம் போறேன். நுவைர் வீட்டு முற்றத்துல உக்காந்திருப்பேன்."

மிஷ்ஆன் குரலை இறக்கினான். "அங்க இருக்கிறது யாருன்னு குண்டுக்குத் தெரியாது மாமா."

"உனக்குத் தெரியும்ல? அது போதும்."

யாரும் அவனைத் தடுக்கவில்லை. எங்கள் நிழலில் இருக்கிறவன் என்று சொல்லிவிட்ட ஒருவனை எல்லார் கண்முன்னாலும் முதுகில் சுட முடியுமா? பனைமரப் பாலத்தின் மேல் அவன் வெயிலில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெதுவாகத்தான் போனான். அவன் உட்கார்ந்திருக்கிற வீட்டை நோக்கி மிஷ்ஆன் சுடமாட்டான், ஊர் அவன் முகத்தில் துப்பும் என்பது கத்பானின் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் அந்தப் பக்கத்தை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

நுவைர் அழுதுகொண்டே தண்ணீர் கொடுத்தாள். அவள் அப்போது நிறைமாதம். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் மருமகன் சல்பூக்கும் அவன் பெரியப்பாவும் வந்துவிட்டார்கள். அவர்கள் கையிலும் ஒரு சிமினோவ்.

"அங்க சரி பண்ணிக் கொடுத்தீங்களாமே. கொட்டகைக்குப் பின்னால சத்தம் கேட்டுச்சு" என்றார் பெரியப்பா.

"பண்ணினேன்."

"அப்ப இது? காலித் தோட்டா உள்ளயே ஒட்டிக்குது. மருமகன் கையில மட்டும் இது நிக்கணுமா?"

"மாமா, நான் சண்டைக்குப் போகலை. வீட்டுக்குக் காவலுக்குத்தான்" என்றான் சல்பூக். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன் என்று கத்பான் என்னிடம் சொன்னான். அவள் சொல்லவில்லை.

அது பெரிய வேலையும் இல்லை. ஈரத்தில் கிடந்த தோட்டாக்கள், பச்சை பிடித்து அறையில் ஒட்டிக்கொண்டன. சிக்கியிருந்ததைக் கம்பியால் தள்ளி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, நல்ல தோட்டாக்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்தான்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பம்புப் பக்கம் சுட ஆரம்பித்தார்கள். கத்பான் முற்றத்தின் நடுவில் கயிற்றுக் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் நினைத்தபடியே அந்த வீட்டின் மேல் ஒரு குண்டுகூட விழவில்லை. மிஷ்ஆன் மாடியை விட்டு இறங்கி, பம்பைக் குறிவைக்கக் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டான். இடையில் நிற்காமல் சுடுகிற அந்தச் சத்தம் தன் கைவேலை என்று கத்பானுக்குத் தெரிந்தது. பிறகு தலைக்கு மேலிருந்து, மகள் வீட்டு மாடியிலிருந்தே, இன்னொரு துப்பாக்கி நிற்காமல் சுட்டது. அதுவும் அவன் கைவேலைதான். கரையில் சத்தம் நின்றது.

மிஷ்ஆன் சாகவில்லை. வலது தோள் நொறுங்கிப் போனது. அந்தக் கையால் இன்று தேநீர்க் குவளையைக்கூட அவனால் தூக்க முடியாது.

பெரியவர்களும் நபி வம்சத்துச் சையது ஒருவரும் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். தண்ணீருக்கு முறை வைத்தார்கள். தம்பியின் காலுக்கும் மிஷ்ஆனின் தோளுக்கும் ஈட்டுத்தொகை சொன்னார்கள். ஜுமைர்க்காரர்கள் ஒரு நிபந்தனையில் மட்டும் இறங்கி வரவில்லை. எங்கள் வீட்டில் உப்பைத் தின்றுவிட்டு எதிராளியின் துப்பாக்கியைச் சரிசெய்தவன் கால்வாயைத் தாண்டக் கூடாது, வந்தால் அவன் ரத்தத்துக்குக் கேள்வி இல்லை. கத்பானுக்காகப் பேச அந்தச் சபையில் ஆள் இல்லை. நான் வாய் திறந்தேன். "டீக்கடைக்காரன் டீயை ஊத்தட்டும்" என்றார்கள்.

பட்டறையைப் பூட்டிச் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வீட்டின் வேப்பமரம் மகள் வீட்டு முற்றத்திலிருந்து நன்றாகத் தெரியும். காலையில் தஸ்வாஹின் எருமைக்குத் தண்ணீர் காட்ட வரும்போது இவன் கரையில் போய் நிற்பான். அவள் அங்கிருந்தே கத்துவாள்.

"எதுக்குப் போன? யார் உன்னைப் போகச் சொன்னா? வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்திருந்தா ஆகாதா?"

"நுவைர் இருந்தாளே!"

"நுவைருக்குப் புருஷன் இருக்கான். எனக்கு யாரு?"

இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று கேட்பார்கள். சிலர் சிரிப்பார்கள்.

பேரன் பிறந்தபோதும் அண்ணன்மார் அவளைப் போகவிடவில்லை. போனால் திரும்பி வராதே என்றார்கள். மழைக்காலம் வரை பொறுத்தாள். பிறகு ஒரு காலையில் எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டை இடுப்பில் செருகி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். அண்ணன் ஒருவன் கரையில் நின்று கூப்பிட்டான். அவள் திரும்பவே இல்லை. அந்தக் கரையில் கத்பான் வாயைத் திறந்தபடி நின்றான்.

"என்ன முழிக்கிற? கயிறைப் பிடி, வழுக்குது" என்றாள்.

இப்போது அவர்கள் இருவரும் அங்கேதான். அவள் தன் அண்ணன்மாரின் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போக முடியாது. அபூ நுவைர், அதாவது நுவைரின் அப்பா, என்றுதான் கத்பானை அங்கே கூப்பிடுகிறார்கள். தாஹூர்க்காரர்களின் பம்புகளைப் பழுது பார்க்கிறான். கண் தெரியவில்லை என்று சொல்லித் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்புகிறான். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். போன வாரம் நான் போயிருந்தபோதுகூடப் பெரியப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். "அவசரமில்லை, அபூ நுவைர். நீ எங்க போயிரப் போற?" என்றார்.