சன்னல் வழியாகப் பார்த்த உளவாளி

டீக்கடையில் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால்தான் பெரியமுத்துவுக்கு டீ தொண்டையில் இறங்கும். சுவரோரப் பெஞ்சில் வேறு யாராவது இருந்தால், அவர்கள் எழுந்து போகும்வரை நின்றுகொண்டே இருப்பார். உட்கார்ந்ததும் ரோட்டை ஒரு பார்வை, பாய்லரை ஒரு பார்வை, அதற்குப் பிறகுதான் கிளாஸைத் தொடுவார். "மனுசனுக்கு முதுகுல கண்ணு இல்லேல்ல, அதான்" என்பார், கேட்காதவர்களிடமும். ஆனைக்கரை போகிற வழியில், ஏலக்காடுகளுக்கு நடுவே உள்ள இந்த முக்கில் இவரைப் பின்னாலிருந்து தாக்க யாருக்கு என்ன வந்தது என்று அவர் மனைவி செல்வலட்சுமி முப்பத்துநான்கு வருடமாகக் கேட்டுவருகிறாள். பதில் வந்தபாடில்லை.

வீட்டைப் பூட்டும்போது கதவிடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது குச்சி கீழே கிடந்தால் விசாரணை தொடங்கும்.

"யாரு வந்தா?"

"நாந்தான் வந்தேன். துணி எடுக்க."

"நீ மட்டுமா?"

"இல்ல, ஒரு பட்டாளத்தையே கூட்டிட்டு வந்தேன். அடுப்படியில சோறு தின்னுக்கிட்டு இருக்காக, போய்ப் பாருங்க."

போய்ப் பார்ப்பார். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

இவ்வளவு உஷாரான மனிதரின் வாயில் ஒரு ரகசியம் ஒருநாள் முழுதாகத் தங்கியதில்லை. மகள் ஆர்த்தி கொச்சியில் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, முடிவு தெரிகிறவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று செல்வலட்சுமி படித்துப் படித்துச் சொன்னாள். பெரியமுத்து குமுளி ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து, போனைக் கையால் மறைத்துக்கொண்டு, பின்னால் இருந்த பதினோரு பேருக்கும் கேட்கிற குரலில், "பார்ட்டி கொச்சி இன்டர்வியூவுக்குக் கெளம்பிருச்சு. வெளிய தெரியக்கூடாது" என்றார். சாயங்காலத்துக்குள் நான்கு பேர் செல்வலட்சுமியிடம் வந்து, எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரு ஜெனரேட்டர். எண்பத்தாறில், பதினெட்டு வயதில், எஸ்டேட் பங்களாவில் ஜெனரேட்டர் ஓட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். அன்றைய மேனேஜருக்கு லண்டனில் ஒரு தங்கை. அந்த அம்மாள் ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளை அனுப்பியிருந்தார். எல்லாம் அங்கே ஒரு காலத்தில் டிவியில் வந்த பழைய உளவுத் தொடர். மேனேஜர் சாப்பிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்ப்பார்; பெரியமுத்து வெளியே, சாத்திய கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார். பங்களா டிவியோ கறுப்பு வெள்ளை. வசனம் ஒன்றுகூடக் காதில் விழாது. விழுந்திருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. அந்தக் கவலைக்கும் இடமில்லாமல் முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருக்கும்.

ஆகவே கதையை அவரே கட்டிக்கொண்டார். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட உளவாளிக்குக் 'கோட்டுக்காரர்' என்று பெயர். ஆபத்துக்குள் நுழையும் முன்பு அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். கிராப்பு வெட்டிய ஒரு பெண் ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டு அவருக்கு உதவ வருவாள். பெரியமுத்துவின் கணக்குப்படி அவள் துரோகி. ஒரு பெரிய வீட்டின் சுவர்க் கடிகாரத்துக்குள் கோட்டுக்காரர் காகிதத்தை ஒளித்துவைத்த அன்று, மாடிப்படியிலிருந்து அவரைத் தள்ளிவிட்டுச் சன்னலோரம் நின்று சிரித்தவள் அவள்தான். கோட்டுக்காரர் செத்துப்போனார். அப்படியானால் அடுத்த கேசட்டில் அதே கோட்டோடு வருகிறவர் யார்? "தம்பி. ரெண்டு பேரும் ஒரே அச்சு."

ஆர்த்தி போன வருடம் அந்தத் தொடரை எங்கோ தேடிப்பிடித்துப் போனில் போட்டுக் கொடுத்தாள். பெரியமுத்துவின் முகம் சுருங்கிப்போனது. கோட்டு பச்சை நிறம். "சாயம் பூசிட்டானுக." கோட்டுக்காரரின் குரல் கீச்சென்று இருந்தது. "இது அவரு கொரலே இல்ல." கீழே தமிழில் வரிகள் ஓடும்படி அவள் ஏதோ செய்தாள். இரண்டு நிமிடம் படித்தார். "இத எழுதுனவனுக்கு வெவரம் பத்தாது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது நிறத்தை எடுத்துவிட்டு, சத்தத்தையும் அடைத்துவிட்டு, தினமும் ஒரு பகுதி பார்க்கிறார். பார்த்துக்கொண்டே மனைவிக்குக் கதையும் சொல்கிறார். அவளுக்குப் புளி கரைக்கிற நேரம் அது.

இதுவரைக்கும் வீட்டுத் தொல்லை. பங்களா ரிசார்ட்டாகி, அதில் அவரும் வேலைக்குச் சேர்ந்ததும் தொல்லை வெளியே நடமாட ஆரம்பித்தது. செல்வலட்சுமி அங்கே பாத்திரம் கழுவப் போனவள். பதினோரு வருடத்தில் அறைகளைப் பராமரிக்கிற பெண்கள் எட்டுப் பேருக்கு மேற்பார்வையாளர். பின்பக்கக் குவார்ட்டர்ஸில்தான் குடும்பமே இருக்கிறது. அவள் பேச்சை நம்பித்தான் மலையாளி மேனேஜர் பிஜு, பெரியமுத்துவுக்குக் காவல்காரர் வேலை கொடுத்தார். சேர்ந்த மூன்றாம் வாரம், பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இந்தப் பங்களாவுக்கு ஏதாவது கதை உண்டா என்று கேட்டது. கேட்டிருக்க வேண்டாம்.

பெரியமுத்து கோட்டுக்காரர், கடிகாரம், ரொட்டி வேன், மாடிப்படி எல்லாவற்றையும் சொன்னார். "எல்லாம் இந்த வீட்டுலதான். நான் இந்தச் சன்னல் வழியாக் கண்ணால பாத்தேன்" என்றும் சொன்னார். அவர்கள் அதைப் படத்தோடு இணையத்தில் எழுதினார்கள். அடுத்தடுத்து வந்தவர்கள் மாடிப்படியைக் காட்டச் சொன்னார்கள். பிஜு தாமதிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கத்தில் பித்தளையில் ஒரு போர்டு ஏறியது: 1942-ல் ஒரு பிரிட்டிஷ் உளவாளி இந்தப் படிகளில் தள்ளிக் கொல்லப்பட்டார். வருடத்தைப் பெரியமுத்து சொல்லவில்லை, பிஜுவே போட்டுக்கொண்டார். தினமும் நாலு மணிக்கு வராந்தாவில் 'ஸ்பை டீ'. பெரியமுத்து கதை சொல்ல, ரிசப்ஷனில் இருக்கும் தமிழ்ப்ரியா இங்கிலீஷில் சொல்வாள். கண்ணால் கண்ட சாட்சிக்குத் தொண்ணூறு வயதாவது ஆகியிருக்க வேண்டுமே என்று பி.எச்டி. படித்த விருந்தினர்கூட ஒருவரும் கணக்குப் போட்டதில்லை.

செல்வலட்சுமிக்கு முதல் நாளே தெரியும். அன்றைக்குக் குவார்ட்டர்ஸில் வைத்துப் பிடித்தாள்.

"ஏங்க, கேசட்டுக் கதைய இந்த வீட்டுல நடந்ததுன்னு சொல்லலாமா?"

"இந்த வீட்டுலதான நடந்துச்சு. டிவி எங்க இருந்துச்சு, ஒங்கப்பன் வீட்டுலயா?"

"ஏலக்காட்டுல ஏதுங்க ரொட்டி வேன்?"

"நான் பாத்ததச் சொல்றேன். பொய் ஒண்ணு காட்டு, நான் வேலைய விட்டுர்றேன்."

பொய் எங்கே இருக்கிறது என்று அவளால் விரலை வைத்துக் காட்ட முடியவில்லை. அவரோடு சண்டை போடுவதில் உள்ள சங்கடமே அதுதான். வருகிறவர்கள் மாடிப்படியைக் கேட்க ஆரம்பித்ததும் பிஜுவிடம் சொல்லிவிட நினைத்தாள். போர்டுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த வாரம் நினைத்தாள். போர்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதம் இப்படிச் சொல்லாமல் போனதில் அவளும் கூட்டாளியாகிவிட்டாள். இதற்கு நடுவே புதுப் பிளாக் முழுவதையும் அவள் பொறுப்பில் விடலாம் என்று பிஜு ஓனரிடம் சிபாரிசு செய்திருந்தார். ஓனர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதுவரை கதை உடைபடக்கூடாது. உடைந்தால் புதுப் பொறுப்போடு பழைய வேலையும் போகும், வேலையோடு வீடும் போகும்.

இங்கிலாந்துப் பெரியவர் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார்.

எழுபது தாண்டியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு காதில் கருவி. நாலு மணிக்கு வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். பிஜு தூணில் சாய்ந்து நின்றார். செல்வலட்சுமி தட்டோடு வந்தாள். பெரியமுத்து தொண்டையைச் செருமினார்.

"ராத்திரி. நல்ல மழை. இந்தா, சன்னலுக்கு அங்கிட்டு நானு. உள்ள கோட்டுக்காரரு, ஒத்தையில."

தமிழ்ப்ரியா சொன்னாள். சுவர்க் கடிகாரம் வந்ததும் பெரியவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். ரொட்டி வேன் வந்ததும் அவர் புருவம் ஏறியது. "படியேறுறதுக்கு முன்னாடி" என்று பெரியமுத்து நிறுத்தினார். தமிழ்ப்ரியா வாயைத் திறப்பதற்குள் பெரியவர் தன் மணிக்கட்டில், இல்லாத கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக் காட்டினார். செல்வலட்சுமி பிஜுவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியவர் நீளமாக ஏதோ சொன்னார். தமிழ்ப்ரியா தயங்கினாள்.

"சாரு சின்னப் புள்ளையா இருக்கையில டிவில இதே மாதிரி ஒரு தொடர் வருமாம். வாராவாரம் ஒக்காந்து பாப்பாராம். இதே கடியாரம், இதே ரொட்டி வேனாம்."

பிஜுவின் சிரிப்பு பாதியில் நின்றது. பெரியவர் நல்ல மனிதர். மேனேஜரின் முகத்தையும், தட்டுப் பிடித்திருந்தவளின் முகத்தையும் பார்த்துவிட்டு மெதுவாக இன்னொன்று சேர்த்தார்.

"ஒருவேளை அதை எழுதுனவரு இந்த பங்களா சம்பவத்தக் கேள்விப்பட்டு எழுதியிருக்கலாம்னு சொல்றாரு."

பிஜுவுக்கு உயிர் வந்தது. "அது மதி, போதும். அதையும் போர்டுல எழுதணும்" என்றார். செல்வலட்சுமி மூச்சு விட்டாள். ஒரு வெள்ளைக்காரர், யாரும் கேட்காமலே, அவள் குடும்பத்தைக் கரையில் ஏற்றிவிட்டிருந்தார்.

பெரியவர் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசமாம். அந்தப் பொம்பள துரோகி இல்லையாம். தள்ளிவிட்டது நடிப்பாம். எதிரிய நம்பவைக்க. அடுத்த வாரமே அவரு நல்லா எந்திரிச்சு வந்துட்டாராம்."

இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 'அப்பிடியா' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. பெரியமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"யாரு சொன்னா? செத்துட்டாரு. நான் பாத்தேன்ல. அடுத்த கேசட்டுல வர்றது அவரு தம்பி."

பிஜு தூணை விட்டு நிமிர்ந்தார்.

"கேசட்டோ?" என்றார் பிஜு. "ஏது கேசட்?"

செல்வலட்சுமி கண்ணைக் காட்டினாள். இருமினாள். எதிர்ச்சாரியில் ஒருவன் கண்சிமிட்டினாலும் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்லிக்கொள்கிற மனிதர், இரண்டடி தூரத்தில் இருந்த மனைவியைப் பார்க்கவில்லை.

"அது எத்தனாவது கேசட்டுன்னு கேளு தமிழு. சொல்லட்டும் பாப்போம்."

பெரியவர் யோசித்து, பத்து விரலையும் விரித்து, பிறகு இன்னொன்றைக் காட்டினார்: பதினொன்று.

"பாத்தியா, தெரியல. ஒம்பது. டப்பாவுல செகப்பு மையில ஒம்பதுன்னு ஒட்டியிருந்துச்சு. ஜெனரேட்டர் ஓட்டுனவன் நானு, எங்கிட்டயேவா."

பிஜு செல்வலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"சேச்சி, இந்தக் காரியம் நிங்களுக்கு அறியுமோ?"

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். பாதியாவது மிஞ்சியிருக்கும்.

"கல்யாணமான ரெண்டாம் வாரத்துலேருந்து தெரியும் சார்."

"நாளெ ஓனர் வரும்போ ரெண்டு பேரும் ஆபீஸ்ல வரணும். புதுப் பிளாக் காரியம் இனி நான் ஒண்ணும் பறயில்லா."

"வாறோம் சார். ஆனா அந்த வருசத்த எழுதுனது நீங்க."

பிஜு ஸ்க்ரூட்ரைவர் தேடி உள்ளே போனார்.

திறந்த கதவு வழியாக மாடிப்படி தெரிந்தது. பெரியவர் அதற்குள் மூன்றாம் படியில் ஏறி நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி, அடிபடாமல் ஒருவன் எப்படி விழலாம் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். கீழே பெரியமுத்து இடுப்பில் கை வைத்து நின்றார். "சரி, விழுந்தது நடிப்புன்னு வச்சுக்குவோம். கழுத்து மடங்குச்சே, கழுத்த எப்பிடி நடிப்பான்?" பெரியவர் இங்கிலீஷில் ஏதோ மறுத்தார். தமிழ்ப்ரியா மொழிபெயர்ப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. போர்டுக்கு ஒரு புறம் பிஜு திருகாணியோடு மல்லுக்கட்ட, மறுபுறம் பெரியமுத்து தன் கழுத்தைத் தானே மடக்கிக் காட்டினார்.

அந்த வராந்தாவின் பிரம்பு நாற்காலிகளில் வேலைக்காரர்கள் உட்காரக்கூடாது. புதிதாகச் சேருகிற பெண்களிடம் முதல் நாளே அதைச் சொல்வது செல்வலட்சுமியின் வேலை. அவள் தட்டை மேசையில் வைத்தாள். பொன்விளிம்புக் கோப்பை ஒன்றை எடுத்து டீயை நிறைய ஊற்றினாள். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். இருப்பதிலேயே பெரிய நாற்காலியை மாடிப்படிக்கு நேராக இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி மேலே வைத்து உட்கார்ந்துகொண்டாள்.