கொய்னாத் தூள் நீலமாச்சு

இன்னிக்கு மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்.

வீட்டுக்காரருக்கு நாலு நாளா மலேரியாக் காய்ச்சல். ஜப்பான்காரன் ஊரைப் பிடிச்சதிலிருந்து ஆஸ்பத்திரியில மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பாசார்ல துணியோட மறைவா மருந்தும் விக்கிற காசிம் அண்ணன்கிட்ட என் கல்யாணச் சேலையைக் கொடுத்து, ஒரு பொட்டலம் கொய்னாத் தூள் வாங்கினேன். மூணு வேளை கொடுத்தும் காய்ச்சல் இறங்கல.

காலையில ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடுற டிரஸர், பக்கத்து வீட்டுச் சாமுவேல் அண்ணன்கிட்ட காட்டினேன். காயத்துக்குப் போடுற டிஞ்சர் அயோடினை அதுல ஒரு சொட்டு விட்டார். தூள் கருநீலமா மாறிடுச்சு.

"அசல் கொய்னா இப்படி நீலமாகாது தங்கச்சி. மாவுல அயோடின் பட்டாத்தான் ஆகும். இது மரவள்ளி மாவு. கசப்புக்கு என்னத்தையோ கலந்திருக்கானுங்க."

பொட்டலத்தை அள்ளிக்கிட்டேன். நேரா பாசாருக்கு ஓடினேன்.

"இது மாவாம்ண்ணே! நீங்களே இப்படிச் செய்யலாமா?"ன்னு நாலு பேர் பார்க்கக் கத்தினேன்.

காசிம் அண்ணன் சண்டைக்கு வரல. பொட்டலத்தை வாங்கிப் பிரிச்சுப் பார்த்தார். அப்புறம் மெதுவாச் சொன்னார்:

"என் மகளுக்கும் இதைத்தாம்மா கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

அதுக்கு மேல எனக்குக் கோபம் வரல, பயம்தான் வந்துச்சு. சேலையைத் திருப்பிக் கொடுத்துட்டு அவர் கடையைச் சாத்தினார். இப்ப ரெண்டு பேருமா தேடிக்கிட்டு இருக்கோம்.

கிள்ளான் பக்கம் யார்கிட்டயாவது நல்ல கொய்னா இருந்தா சொல்லுங்க. சோதிச்சுப் பார்த்துத்தான் வாங்குவோம், கோவிச்சுக்காதீங்க லா.