‘பிஃபோர்’ நின்ற இடம்

ஓசூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மூன்றாவது மாதம். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டும் பாஷா என்ற ஆபரேட்டரின் டிஸ்மிஸ் ஆர்டரை டைப் செய்யச் சொன்னார் மேனேஜர். ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவர் பாஷா. அவர் ஷிப்ட் முடித்துப் போனதும், அதே பிரஸ்ஸில் அடுத்த ஷிப்ட் ஆளுக்கு விரல் போய்விட்டது. பாஷா மோட்டாரை ஓடவிட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு.

இரண்டாவது பத்தியில் என் கை நின்றது. ‘ஐ லெஃப்ட் பிஃபோர் ஐ ஸ்விட்ச்டு ஆஃப் தி மோட்டார்’ என்று அவரே ஒப்புக்கொண்டதாக இருந்தது.

அது நான் எழுதிய வாக்கியம்.

போன வாரம் விளக்கக் கடிதம் எழுத என்னிடம்தான் வந்தார். “நான் போறதுக்கு முன்னாடி மோட்டார ஆஃப் பண்ணிட்டேம்மா. அத மட்டும் தெளிவா எழுது” என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்லுக்குச் சொல் போட்டேன். தமிழில் ‘முன்னாடி’ என்பது ‘போறதுக்கு’ என்ற சொல்லின் பின்னால் வரும். இங்கிலீஷில் ‘பிஃபோர் ஐ லெஃப்ட்’ என்று முன்னால் நிற்க வேண்டும். நான் பின்னால் வைத்ததில், அணைத்துவிட்டுப் போனவர் அணைக்காமல் போனவராகிவிட்டார். இங்கிலீஷ் தெரியாத பாஷா நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

பேப்பரை உருவினேன், திரும்பச் சொருகினேன். மூன்று தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். எனக்கோ புரொபேஷன் முடியவில்லை.

“ஆர்டர் ஆய்த்தாம்மா?” என்று மேனேஜர் கன்னடம் கலந்து குரல் கொடுத்தார்.

பாஷாவின் விளக்கக் கடிதத்தின் கார்பன் காப்பியோடு உள்ளே போனேன். “சார், தப்பு என்னோடது. அவர் சொன்னத நான் மாத்தி எழுதிட்டேன்.”

அவர் காப்பியை வாங்கி அந்த வரியைப் படித்தார். “உனக்கு மெமோ வரும், கொத்தா? தெரியும்ல?”

“வரட்டும் சார்.”

மறுவிசாரணை தமிழில் நடந்தது. கட்டுப்போட்ட கையோடு வந்த அடுத்த ஷிப்ட் ஆள், “மோட்டார் நின்னுதான் இருந்துச்சு. அச்சு டைய செட் பண்ண நான்தான் போட்டேன்” என்றார்.

பாஷா வேலைக்குத் திரும்பினார். எனக்கு மெமோவும், இன்னும் ஆறு மாதம் புரொபேஷனும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி விடும்மா. ஒரு தடவ தமிழ்ல படிச்சுக் காட்டியிருந்தா, அங்கயே சொல்லியிருப்பனே” என்றார்.

அதற்குப் பிறகு, படித்துக் காட்டாமல் யாரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை.