அளவு கொடுத்தவள்

தயாளினி கிளிவெட்டி ஊர்க்காரி. தையல் ரீச்சராக ஊர் ஊராகப் போவதற்கு முன்னர், தூரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்தாள். அங்கே அவள் தைத்ததெல்லாம் கொலர் மட்டும். கையும் பையும் பொத்தானும் வேறு வேறு ஆட்களின் வேலை. ஆயிரக்கணக்கான கழுத்துகளுக்குத் தைத்தும் அவற்றில் ஒன்றையேனும் அவள் கண்டதில்லை. தாய்க்குச் சுகமில்லாமல் ஊருக்குத் திரும்பியபின், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தபோதுதான் இந்தத் தொழிலில் தனக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தோளில் நாடாவை வைத்ததுமே, அந்தப் பிள்ளை ஒரு பக்கம் சரிந்து நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு தான் அளவெடுத்த ஒருவரையும் அவள் மறந்ததில்லை.

அதனால்தான் ஈச்சிலம்பற்றில் நடந்ததைக் கண்மயக்கம் என்று அவளால் தள்ளிவிட முடியவில்லை.

பெண்களுக்கான தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்று அவளை அந்தப் பக்கம் அனுப்பியிருந்தது. ஈச்சிலம்பற்றைத் தாண்டி, வெருகல் ஆற்றை நோக்கிப் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். வகுப்புக்கு வந்தவர்கள் வயல் வேலை உள்ள மாதத்தில் கூலிக்குப் போய், இல்லாத மாதத்தில் சும்மா இருந்த பெண்கள். புருசன்மாரை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஊர்ப் பொதுமண்டபத்தில் கால் மெஷின்களை வரிசையாகப் போட்டு, நேராகத் தைக்கவே அவர்களுக்கு ஒரு மாதம் பழக்கினாள். மூதூரில் துணிக்கடை வைத்திருந்த சித்தி பரீதா என்ற முஸ்லிம் பெண் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை இறக்கிவிட்டுப் போனார்.

"முதல்ல இதைத் தைச்சுத் தாங்கோ. தையல் நல்லா இருந்தா, ஜனவரிக்குப் பள்ளிச் சீருடை முழுக்க உங்களிட்டத்தான்" என்றார்.

ஜூலை மாதம் அது. தென்மேற்குக் கச்சான் காற்று தகரக் கூரையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் பெண்கள் எல்லோரும் சமைத்துச் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்கள். தயாளினி மண்டபத்தில் தனியாக இருந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பாள். அன்றைக்குப் பார்சலைப் பிரிக்கையில் காற்று நின்றது. கூரையின் சத்தம் அடங்கிய பிறகுதான், அதுவரை எவ்வளவு சத்தம் இருந்தது என்பதே அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்தாள். வாசலில் ஒரு பெண் நின்றாள்.

"சாறிச் சட்டை தைப்பீங்களோ ரீச்சர்?"

தயாளினியின் வயதுதான் இருக்கும். முப்பத்தைந்து, முப்பத்தாறு. இறுக்கிப் பின்னிய கறுத்தத் தலைமயிர். கையில் கனகாம்பர நிறத்தில் மடித்த துணி ஒன்று இருந்தது. ஊருக்குள் அதுவரை காணாத முகம். ஆற்றங்கரைப் பக்கத்து ஆளாக இருக்கும் என்று நினைத்துத் தயாளினி கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"வாங்கோ அக்கா. அளவுச் சட்டை கொண்டந்தனீங்களோ?"

"இல்லை. ஒண்டும் கொண்டு வரக் கிடைக்கேல்லை."

தோள், மார்பு, இடுப்பு என்று வழக்கம்போல அளந்தாள். அளவு நாடா பொய் சொல்லாது. ஆள் மூச்சு விட விட அது நூலளவு இறுகித் தளரும். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு தளர்வு விட வேண்டும் என்று தயாளினி முடிவு செய்வாள். இந்தப் பெண்ணின் மார்பைச் சுற்றிய நாடா அப்படியே நின்றது. கூச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தயாளினிக்குத் தோன்றியது.

"மூச்சை விடுங்கோ அக்கா."

"விட்டிட்டன்" என்றாள் அந்தப் பெண்.

நாடா அசையவில்லை. தயாளினி மேலும் கேட்காமல் கைக்கு வந்தாள். இடது மேற்கையில், நீளமாகப் பின்பக்கம் வளைந்து போகும் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று தட்டுப்பட்டது. அது மறைய, சட்டைக் கையை முழங்கை வரை வைக்கச் சொன்னாள் அந்தப் பெண்.

"ஆரின்ர பேரைப் போட?"

"பேர் வேண்டாம். எங்கட வீட்டு ஆக்கள் வந்து எடுப்பினம்."

அளவுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது அவள் வெளியே போய்விட்டிருந்தாள். தயாளினி வாசலுக்கு வந்து பார்த்தாள். ஆற்றுக்குப் போகும் மணல் பாதையில், வெயிலுக்குள், அவள் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பாதையில் இப்போது வீடுகள் இல்லை. மறுபடி காற்று கிளம்பிக் கூரையை அடித்தது.

அடுத்த நாள் காலை அந்தத் துணியைத் துசானியிடம் கொடுத்தாள். வகுப்பில் கை பொருத்துவதில் துசானிதான் கெட்டிக்காரி. மீன்பிடிக்கும் நிசாந்தனின் மனைவி. கைக்குழந்தையோடு வந்து, குழந்தையை மேசைக்குக் கீழே பாயில் படுக்கப் போட்டுவிட்டுத் தைப்பாள்.

"இந்தத் துணி ஏன் ரீச்சர் ஈரமாக் கிடக்கு?"

மாதக்கணக்கில் மழை இல்லை. தயாளினி தொட்டுப் பார்த்தாள். நனைந்த துணியின் ஈரம் இல்லை அது. கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த வாளியின் அடியைத் தொட்டதுபோல ஒரு குளிர். அயன் பண்ணிப் பார்த்தார்கள். சூடு பிடித்து, உடனே ஆறி, மறுபடியும் குளிர்ந்தது. பக்கத்து மெஷினில் இருந்த நிரோஜினி சிரித்தாள். "நல்ல துணி. வெயிலுக்குச் சுகமா இருக்கும்" என்றாள்.

"கையை முழங்கை வரை வை. அவவுக்கு இடது கையிலை ஒரு சூட்டுத் தழும்பு. மறைக்க வேணுமாம்" என்றாள் தயாளினி.

துசானி கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"முழங்கைக்கு மேலையோ ரீச்சர்?"

"ஓம்."

"வட்டமாவோ, நீளமாவோ?"

"நீளம். பின்னுக்கு வளைஞ்சு போகுது."

துசானி தன் இடது கையை, முழங்கைக்கு மேலே, பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நெல்லு அவிச்ச கிடாரம் சரிஞ்சு பட்டது அது. என்ர அம்மாவுக்கு."

மண்டபத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்த ஊரில் துசானியின் தாய் பாக்கியரத்தினத்தின் கதை தெரியாதவள் தயாளினி மட்டும்தான். யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்த வருடம், செல் குண்டுகள் விழத் தொடங்கி எல்லோரும் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் நடந்தார்கள். ஆற்றங்கரை வரைக்கும் வந்த பாக்கியரத்தினம், கட்டின பசுவை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனாள். வரவில்லை. துசானிக்கு அப்போது ஏழு வயது. திரும்பி ஊருக்கு வந்தபோது வீடும் இல்லை, பசுவும் இல்லை, அவளும் இல்லை. தகப்பன் யோகலிங்கம் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய மறுத்துவிட்டார். செத்ததைக் கண்டது ஆர் என்று கேட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் மனைவிக்கென்று ஒரு வாழையிலையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன பெண்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் இன்னும் குறைந்தது. உச்சி வெயிலில் ஆற்றுப் பாதையால் வந்த ஒன்றுக்கு ரீச்சர் தொட்டு அளவெடுத்திருக்கிறா, அந்தத் துணி இன்னும் மண்டபத்துக்குள் கிடக்கிறது என்று கதை பரவிவிட்டது. சித்தி பரீதாவின் வெள்ளைத் துணி பாதி வெட்டியபடி கிடந்தது. தயாளினி வீடு வீடாகப் போனாள்.

"பிள்ளையளுக்குச் சாப்பாடு இல்லையெண்டுதானே தையல் பழக வந்தனான் ரீச்சர்" என்றாள் நிரோஜினி, படலையைத் திறக்காமலே. "எனக்கு ஏதும் நடந்தா பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

தயாளினிக்கும் பயம் இருந்தது. இரவில் படுத்தால், நாடாவைப் பிடித்த விரல் நுனிகளில் அந்த அசைவின்மை வந்து நின்றது. வேலையை விட்டுவிட்டுக் கிளிவெட்டியிலேயே இருந்துவிடலாமா என்றும் யோசித்தாள். ஆனால் காலையில் பஸ் ஏறினாள். காரணம் துசானி.

துசானி ஒருத்திதான் தவறாமல் வந்தாள். அவளுக்குப் பயம் இல்லை; வேறு ஒன்று இருந்தது. கனகாம்பரச் சட்டையை இரண்டு நாளில் தைத்து முடித்தாள். கொக்கி வைத்து, ஓரம் மடித்து, கம்பியில் கொழுவி வாசலைப் பார்க்க மாட்டினாள். மத்தியானமானால் வீட்டுக்குப் போகாமல் வாசலுக்கு நேரே கதிரையைப் போட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கயோ ஒரு இடத்திலை இருந்திருக்கிறா ரீச்சர். நினைவு தப்பி இருந்திருப்பா. இப்பத்தான் வழி தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி ஏன் இஞ்ச வாறா?"

தயாளினி அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் மணல் பாதையைப் பார்த்தார்கள். ஒருமுறை காற்று நின்றது. கூரை அடங்கியது. கம்பியில் தொங்கிய சட்டையின் இரண்டு கைகளும், உள்ளே ஆள் இருப்பதுபோல, லேசாகப் புடைத்தன. மடியில் கிடந்த குழந்தை வாசலைப் பார்த்துச் சிரித்தது. வாசலில் ஒருவரும் இல்லை. துசானி எழும்பி ஓடினாள். பாதை முழுக்க வெயில்தான். அவள் வெளியே நின்று "அம்மா" என்று ஒருதரம் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டபோதுதான், இந்தப் பெண் எவ்வளவு காலமாக இந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்று தயாளினிக்கு விளங்கியது.

அடுத்த நாள் யோகலிங்கம் வந்தார். மெலிந்த, நெடிய மனிதர். மகள் சொன்ன நாளிலிருந்து ஆற்றங்கரை முழுக்கச் சைக்கிளில் அலைந்து, காண்பவர்களிடமெல்லாம் விசாரித்திருக்கிறார். முகம் கறுத்துப்போயிருந்தது. உள்ளே வந்து சட்டையைப் பார்த்தார், தொடவில்லை. கதிரையின் நுனியில் இருந்தார்.

"ரீச்சர், ஒண்டு கேக்க வேணும். நீங்கள் அவவின்ர முகத்தை வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம் ஐயா. கிட்ட நிண்டுதானே அளந்தனான்."

"தலை நரைச்சிருந்ததோ?"

"இல்லை ஐயா. நல்ல கறுப்பு."

"ஒரு நரையும் இல்லையோ? காதடியிலை?"

"இல்லை. என்ர வயசுதான் இருக்கும் அவவுக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று தயாளினிக்கு உறைத்தது. துசானி தகப்பனைப் பார்த்தாள்.

யோகலிங்கம் தலையை மெல்ல ஆட்டினார்.

"அண்டைக்குத் திரும்பிப் போகேக்கை அவளுக்கு முப்பத்தாறு" என்றார். "இருந்தாளெண்டால் இப்ப அம்பதைத் தாண்டியிருப்பாள். எனக்கே முழுக்க நரைச்சுப் போச்சு." சட்டையின் பக்கம் திரும்பினார். "அப்ப அண்டைக்கே முடிஞ்சுது. நான்தான் அவளைப் போக விடாமல் வைச்சிருந்தனான்."

துசானி சத்தமில்லாமல் அழுதாள். அவர் எழும்பி மகளின் தலையில் கையை வைத்தார். பிறகு தயாளினியிடம் திரும்பினார்.

"சட்டையை எங்களிட்டத் தாங்கோ பிள்ளை. எங்கட வீட்டு ஆக்கள் எடுப்பினம் எண்டுதானே சொன்னவள்."

தயாளினி சட்டையைக் கம்பியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அது இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

அந்தியேட்டி வெருகல் ஆற்றங்கரையில் ஒரு காலையில் நடந்தது. இத்தனை வருடம் கழித்துச் செய்வது என்றாலும் ஊரே வந்தது. வகுப்புக்கு வராமல் நின்ற பெண்களும் வந்து தள்ளி நின்றார்கள். ஐயர் சொல்லச் சொல்ல யோகலிங்கம் செய்தார். கடைசியில் ஒரு சேலையையும் அந்தச் சட்டையையும் வாழைமடலில் வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். மடல் கடலை நோக்கிப் போகவில்லை. கொஞ்சம் தயங்கி நின்று, திரும்பி, ஆற்றின் மேல்பக்கமாக, பழைய வீடுகள் இருந்த கரையை நோக்கி நிதானமாகப் போகத் தொடங்கியது.

"கடல் ஏறுற நேரம். தண்ணி உள்ளுக்குத்தான் இழுக்கும்" என்றான் நிசாந்தன். தினமும் அந்தத் தண்ணீரில் தொழில் செய்பவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லும்போது அவன் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மடல் கரையோரக் கண்ணாப் பற்றைகளுக்குள் மறையும் வரைக்கும் யாரும் கரையை விட்டு அசையவில்லை.

திங்கட்கிழமை தயாளினி மண்டபத்தைத் திறந்தபோது நிரோஜினி வாசலில் நின்றாள். பின்னால் மற்றவர்கள். பாதி வெட்டிய வெள்ளைத் துணியை எடுத்து மேசையில் விரித்தார்கள். நாட்கள் வீணாகிப் போயிருந்ததால் விடிய வந்து, பொழுதுபடத்தான் போனார்கள். தைத்ததை எடுக்க வந்த சித்தி பரீதா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். இரண்டு சட்டைகளைப் பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பித் தந்தார். மிச்சத்தை எடுத்துக்கொண்டார். போகும்போது, சீருடைத் துணியை எப்போது அனுப்ப என்று கேட்டார்.

பயிற்சி முடிந்து தயாளினி நிலாவெளிப் பக்கம் வேறு வகுப்புக்குப் போய்விட்டாள். திட்டத்துக் காரியாலயத்தில் ஈச்சிலம்பற்று வகுப்பைப் பற்றிக் கேட்டபோது, பெண்கள் நன்றாகப் பழகிக்கொண்டார்கள் என்றாள். ஒருநாள் துசானி போன் பண்ணினாள். மண்டபத்தைப் பெண்களே நடத்துகிறார்களாம், அளவெடுப்பது இப்போது தான்தானாம்.

"பயமில்லையோ?" என்று தயாளினி கேட்டாள்.

"ஆரெண்டு தெரியாத ஆக்கள் வந்தால் கொஞ்சம் நெஞ்சு இடிக்கும்தான் ரீச்சர்" என்றாள் துசானி. பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. "ஆனால் வந்த ஆளை நிக்க வைச்சுப்போட்டுப் பயந்துகொண்டு இருக்க ஏலாது. அளக்கத்தானே வேணும்."