புகையான் சாகவில்லை

எம்.எஸ்ஸி.யில் பரிணாம மரபியல் பாடத்துக்கு ஒரு செய்முறை இருந்தது. அவரவர் ஊர் வயலிலிருந்து, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பிடித்து வந்து, அது பூச்சிமருந்தை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். நான் பூச்சியோடு, மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்த பாதிப் புட்டி மருந்தையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். அது கலப்பட மருந்து என்று ஆதாரத்தோடு காட்டிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

முந்தின வருடம் சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் எங்கள் வயல் புகையான் விழுந்து வட்டவட்டமாகத் தீய்ந்துபோனது. அப்பா, கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்த பாயிடம் அந்த மருந்தை வாங்கி இரண்டு தடவை அடித்தார். நெல் தூரை விலக்கிப் பார்த்தால் பூச்சி அப்படியே மொய்த்துக்கொண்டிருந்தது. அறுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா கடை வாசலில் நின்று கத்தினார். பாய் அதிராம்பட்டினத்துக்காரர், அப்பாவுக்குப் பதினைந்து வருடப் பழக்கம்.

"சீல் பிரிக்காத மருந்துண்ணே, சத்தியமா" என்று கெஞ்சினார்.

கூடிய கூட்டம், அப்பாவோடு போயிருந்த என்னைப் பார்த்தது. நான் அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருடம். புட்டியை முகர்ந்துவிட்டு, "வாசனையே சரியில்ல, கலப்படந்தான்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? "படிச்ச புள்ளையே சொல்லுது" என்று ஊரெல்லாம் பேச்சானது. மூன்றே மாதத்தில் பாய் கடையைப் பூட்டிவிட்டு சவுதிக்குப் போய்விட்டார்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு கூண்டு வைத்தேன். ஒன்றில் எங்கள் வயல் பூச்சி. மற்றதில், மருந்தே படாமல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பூச்சி. இரண்டுக்கும் அந்தப் புட்டி மருந்தையே ஒரே அளவில் தெளித்தேன். மறுநாள் காலை கல்லூரிப் பூச்சி மொத்தமும் செத்துக் கிடந்தது. எங்கள் பூச்சி நாற்றுத் தண்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கூண்டை மாற்றிவிட்டேனோ என்று திரும்பச் செய்தேன். அதேதான். மூன்றாம் தடவை பேராசிரியை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"மருந்துல குறை இல்லம்மா. எத்தனை வருஷமா இதையே அடிக்கிறீங்க?"

"ஆறேழு வருஷம் இருக்கும், மேடம்."

"அப்ப தாங்குனது மட்டும் பொழைச்சு, அதோட வம்சமே பெருகியிருக்கு. நீங்களே பொறுக்கி எடுத்து வளத்த மாதிரிதான்."

இயற்கைத் தேர்வு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எங்கள் வயலில் அது நடந்தபோது ஒரு மனிதர் மேல் பழி போட்டிருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப அவரு சொன்னது நெசமா?"

அந்த வாரமே அதிராம்பட்டினம் போய், பாயின் தம்பியிடம் நம்பர் வாங்கி, பூத்திலிருந்து போன் போட்டோம். அப்பா ரிசீவரை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன்.

"மாமா, நான்தான் தப்பா சொல்லிட்டேன். உங்க மருந்து நல்ல மருந்துதான்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். பிறகு மெதுவாக, "எங்கிட்ட சொல்லி என்ன? கடைத்தெருவுல சொல்லு" என்றார்.

சந்தை நாளில், பூட்டிய கடை வாசலில் நின்று சொன்னேன். நாலைந்து பேர் கேட்டார்கள். மற்றவர்கள் பையோடு கடந்து போனார்கள். பாய் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒரு செருப்புக்கடை வந்தது.