வேலியைத் தாண்டும் இருவாச்சி

"வேலிக்குள் நின்று படமெடுக்கலாம்" என்கிறது 1952ஆம் ஆண்டு அனுமதிச்சீட்டு. மலாயாவில் அவசரகாலம். பெடாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து முள்வேலியோரம் நின்று நீண்ட லென்ஸைக் காட்டுப்பக்கம் திருப்புகிறேன். மரப்பொந்தில் பெண் இருவாச்சி தன்னைத்தானே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. சிறு கீறல் வழியே ஆண் ஊட்டாவிட்டால் பட்டினிதான்.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போகாதபடி தொழிலாளர் பைகளைச் சோதிக்கும் காவல்காரர் ஓடிவருகிறார்.

"சார், அந்தக் குழாய எறக்குங்க லா. தூரத்துல துப்பாக்கி மாதிரியே தெரியுது. சுட்டிருப்பேன்."

"நீங்களே பாருங்க" என்று விலகுகிறேன்.

ரயில் மூச்சுவிடுவதுபோல் சிறகொலி. வேலிக்குள்ளிருக்கும் தொழிலாளர் லயத்து ஆலமரத்திலிருந்து ஆண் வேலிக்கு மேல் பறந்துபோய், தொண்டையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக வரவழைத்துக் கீறலுக்குள் கொடுக்கிறது.

"எத்தன பைய தொறந்து பாத்திருக்கேன்," என்கிறார் கண்ணை எடுக்காமல். "இவன் தொண்டையில ஒளிச்சுக் கொண்டுபோறான் பாருங்க."

உள்ளே குஞ்சும் இருக்கிறதா என்பது எங்கள் இருவருக்கும் இன்னும் உறுதியாகவில்லை.